கோவளத்தில் கைத்தூண்டில்: மாமனாரோடு ஒரு காலைப் படகுப் பயணம்

சென்னைக்குத் தெற்கே கோவளம் குப்பத்தில் ஓர் அண்ணன் தன் சொந்த ஃபைபர் போட்டில் நான்கு பேர் வரை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறார். போர்டு கிடையாது, இணையதளம் கிடையாது, ஒருவர் சொல்லி இன்னொருவர் போவதுதான். பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கூட்டம் வந்தால் தன்னால் தொழிலுக்குப் போக முடியாது என்றார், அதனால் போடவில்லை. ஆனால் காலையில் கோவளம் கரையில் மீன் விற்கும் இடத்தில் நின்று கேட்டால் இப்படி ஆட்களை ஏற்றிப்போகிற இரண்டு மூன்று பேரைக் கைகாட்டுவார்கள். அவர்களில் எப்படிப்பட்ட ஆளோடு போகலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் கணவரும் ஆறு வருடமாக அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கிறோம். பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம் என்று வண்டி நம்பர் பிளேட்டிலேயே எழுதியிருக்கும், பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வரும். அங்கே போன முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த எங்களை கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் உறைந்துபோன ஏரியின் மேல் நடக்கவைத்துக் கூட்டிப்போய், பனிக்கட்டியில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரவைத்து, ஒரு முழ நீளத் தூண்டிலைக் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. எனக்கு மீனோடு சரி. கணவர் நவம்பர் வந்தால் மான் வேட்டைக்கும் உரிமம் எடுத்துக்கொண்டு, சட்டப்படி போட வேண்டிய பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையோடு விடியும் முன்னே மரத்தில் கட்டிய பலகையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். மூன்று சீசனில் ஒரு மான் கிடைத்தது, அதைத் தானே அறுத்துச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொண்டார்.

இந்தப் படங்களை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பும்போது அதிகம் கேள்வி கேட்பவர் என் மாமனார்தான். மாமாவுக்கு 68 வயது. மதுராந்தகம் ஏரிப் பக்கம் வளர்ந்தவர், மூங்கில் கழியில் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பைக் கட்டி, மண்புழு குத்தி, கெண்டையும் கெளுத்தியும் பிடித்த கதையைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிவிட்டார். பெருங்குடிக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது, கடல் எட்டிப்போகும் தூரத்தில்தான் இருக்கிறது, ஒருநாள்கூடக் கடலில் தூண்டில் போட்டதில்லை. "அடுத்த தடவை வரும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று போனில் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் மறக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வருவது என்று முடிவானதுமே முதலில் யோசித்தது அதைத்தான்.

நடுவில் கணவரின் சித்தப்பா மகன், அண்ணன் அங்கே மானே சுடுகிறார், இங்கே செங்கல்பட்டுப் பக்கம் ராத்திரி முயல் வேட்டைக்குப் போகலாம், ஆள் இருக்கிறது என்று ஆரம்பித்தான். கணவர் உடனே வேண்டாம் என்றார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் 1991 திருத்தம் அடைத்துவிட்டது, இன்றைக்கு ஒரு கவுதாரியைக் கண்ணி வைத்துப் பிடித்தாலும் குற்றம்தான். அங்கே எத்தனை மான் இருக்கிறது, எத்தனை சுடலாம் என்று கணக்குப் பார்த்து உரிமம் தருகிறார்கள், அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் துப்பாக்கிக்கு வேலை இல்லை என்று தம்பியிடம் பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களிடம் இப்படி யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து போகாதீர்கள்.

சரி, படகுக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே ஈசிஆரில் வேறு ஒரு இடத்தில் ஆன்லைனில் பதிவு செய்து மீன்பிடிப் பயணம் என்று போனோம், தலைக்கு 3,500 ரூபாய். லைஃப் ஜாக்கெட்டின் வார் அறுந்திருந்தது, கேட்டதற்கு "சும்மா போட்டுக்கோங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். கரைக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் சுற்றினார்கள், பாட்டை நிறுத்தவே இல்லை, கடைசியில் மீன் எதுவும் கிடைக்காமல் திரும்பியபோது வேண்டுமானால் மீன் வாங்கித் தருகிறோம், கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றைக்கு மாமாவைக் கூட்டிப்போகாதது நல்லதாகப் போயிற்று.

இந்த அண்ணனிடம் போனில் பேசியதிலேயே வித்தியாசம் தெரிந்தது. விலை சொல்வதற்கு முன்னால் கேள்விகள்தான் கேட்டார். எத்தனை பேர், வயது என்ன, யாருக்கு நீச்சல் தெரியும், யாராவது பிரஷர் மாத்திரை போடுகிறார்களா, போன மாதம் யாருக்காவது ஆபரேஷன் ஆனதா. மாமாவைப் பற்றிச் சொன்னதும் அவரிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, முட்டி மடக்கித் தரையில் உட்கார முடியுமா என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் சொன்ன முதல் தேதி பொங்கலுக்கு மறுநாள். அன்றைக்குக் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், காணும் பொங்கல் அன்று கரையில் கால் வைக்க இடம் இருக்காது, அதற்கு அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றார். படகுக்கு மொத்தமாக 7,500 ரூபாய், விடியற்காலை 5 மணியிலிருந்து 11 மணி வரை, இரை, நரம்பு, முள் எல்லாம் அதற்குள். பாதியை ஜிபேயில் முன்பணமாகக் கேட்டார், காற்று சரியில்லாமல் போகவில்லை என்றால் திருப்பித் தந்துவிடுவேன் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை நாலே முக்காலுக்கே போய்விட்டோம். நான், கணவர், மாமா, கணவரின் தங்கை, நான்கு பேர். முதலில் ஜாக்கெட். மாமாவுக்கு வாரை அவரே இறுக்கிக் கட்டி, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார், கழுத்துக்கு ஏறுகிறது என்று அவிழ்த்து வேறொன்று போட்டார். கணவரின் தங்கை ஜாக்கெட் கசகசக்கிறது, உள்ளே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, "போடலன்னா கரையிலயே இரும்மா, கோச்சுக்காத" என்று சொல்லிவிட்டார். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனது சென்னையில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் கறாராக இல்லாதவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் ஏறாதீர்கள்.

படகைத் தண்ணீருக்குள் தள்ளும்போது அலைக்கு நடுவே ஒரு இடைவெளிக்காகக் காத்திருக்கிறார்கள். அண்ணனும் அவரோடு வந்த தம்பியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு பேச்சும் இல்லாமல் அலையையே பார்த்தார்கள், மூன்று அலை போனதும் ஒரே தள்ளு, ஏறி மோட்டாரை இறக்கினார்கள், நாங்கள் மூச்சு விடுவதற்குள் அலை உடையும் இடத்தைத் தாண்டிவிட்டோம். இருட்டில் கரைக்காற்று குளிர்ந்து முதுகில் அடித்தது. முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு வேகத்தைக் குறைத்துவிட்டு, அவர் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். கோவளத்து உயரமான கட்டடம் ஒன்றின் விளக்கு எதற்கு நேரே வருகிறது, தெற்கே மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று இரண்டையும் சேர்த்துத்தான் கடலுக்கு அடியில் இருக்கும் பாரைக் கண்டுபிடிக்கிறார். பார் என்றால் பாறைத் திட்டு, மீன் அங்கேதான் கூடும். மின்னசோட்டாவில் அடியில் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டும் கருவி இல்லாமல் யாரும் ஏரிக்குள் போவதில்லை. இவரிடமும் ஜிபிஎஸ் இருந்தது, இடத்தைச் சரிபார்க்க மட்டும் அதை எடுத்தார். ஈயம் கட்டிய நரம்பை விட்டு, கைகளை விரித்து அளந்து, "பதினஞ்சு பாகம்" என்றார். ஒரு பாகம் ஆறடி, கிட்டத்தட்ட 27 மீட்டர்.

கைத்தூண்டில் என்றால் ராடு கிடையாது, ரீல் கிடையாது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ், நுனியில் ஈயம், அதற்கு மேலே கிளை மாதிரி இரண்டு முள், முள்ளில் கடம்பா, அதாவது கணவாய்த் துண்டு. ஈயம் தரை தட்டியதும் இரண்டு முழம் தூக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலில் நரம்பைத் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதல் இருபது நிமிடம் எனக்கு இரை மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல்மேல் தன் விரலை வைத்துச் சொல்லிக்கொடுத்ததை நானும் கேட்டுக்கொண்டேன். "ஐயா, இப்ப டொக் டொக்னு தட்டுது பாருங்க, அது பொடி மீனு, விட்டுடுங்க. சங்கரான்னா ரெண்டு தட்டு தட்டிட்டு ஓடும், அப்ப இழுங்க. களவா கவ்வுச்சுன்னா கல்லுல மாட்டுன மாதிரி இருக்கும், யோசிக்காம தூக்கிடணும், இல்லன்னா பொந்துக்குள்ள போய் ஒக்காந்துக்கும்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் ஒரு அசைவும் இல்லை, தூங்கிவிட்டாரோ என்று நான் பயந்தேன். திடீரென்று கை மேலே போனது, அப்புறம் அந்தக் கைகளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, ஒரு கை இழுக்க மறு கை வாங்கி நரம்பைக் காலடியில் வளையமாகப் போட்டபடி ஐம்பது வருடத்துக்கு முந்தைய பையன் மாதிரி இழுத்தார். சிவப்பாக, உள்ளங்கை நீளத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சங்கரா. முள்ளைக் கழற்றக்கூட யாரையும் விடவில்லை. "ஏரி மீன் இழுக்கிறது வேற, இது வேற" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த இரையைக் குத்த ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து பதினெட்டு சங்கரா, ஒரு சின்ன களவா, இரண்டு பாறை மீன் பிடித்தோம். அதில் பாதிக்கு மேல் மாமாவுடையது.

விலை உயர்ந்த சாமான்களோடு போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் மடக்கி எடுத்துவரும் ராடையும், ஏரியில் பயன்படுத்தும் ரீலையும் அங்கிருந்து தூக்கிவந்திருந்தார். பொய் இரையைக் கட்டி மேலும் கீழும் ஆட்டி இழுத்ததில் ஒரு நல்ல சீலா கவ்வியது, படகுக்கு இரண்டு பாகம் தூரத்தில் நரம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. சீலாவுக்கு முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி வேண்டும், அது எங்களிடம் இல்லை, அண்ணன் கொடுத்தபோது கணவர்தான் வேண்டாம் என்றிருந்தார். ரீலை வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்ட பிறகும் உள்ளே கரகரக்கிறது. கடலுக்கென்று செய்த ரீல் இல்லையென்றால் கொண்டுபோகாதீர்கள், அவர் தரும் பாட்டில் நரம்பே போதும், அதில்தான் மீன் தட்டுவது விரலுக்கு நன்றாகத் தெரிகிறது.

எட்டரை மணிவாக்கில் படகுக்குப் பக்கத்திலேயே ஒரு பங்குனி ஆமை தலையைத் தூக்கி மூச்சு வாங்கியது. அண்ணன் எல்லோரையும் நரம்பை மேலே எடுக்கச் சொன்னார், அது போகும்வரை யாரும் போடக்கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இழுவைமடி வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாமல் செத்துப்போகின்றன, பெரிய படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது என்று விதி இருந்தும் இழுக்கிறார்கள் என்று அவர் கோபமாகச் சொன்னார். அன்றைக்குப் பார்த்ததில் எனக்கு மனதில் அப்படியே நிற்பது அந்த ஆமையின் முகம்தான்.

ஒன்பது இருபதுக்கு அண்ணன் கிளம்பலாம் என்றார். இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது, மீனும் அப்போதுதான் நன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது, எனக்குக் கோபம் வந்தது, வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் வடக்கே கையை நீட்டி, தண்ணீரின் நிறம் மாறிய ஒரு கோட்டைக் காட்டினார். வாடைக்காற்று ஏறுகிறது, போனில் பத்தரை மணி என்று போட்டிருக்கிறது, ஆனால் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், ஐயாவை வைத்துக்கொண்டு அலையில் கரை ஏற வேண்டாம் என்றார். கரையை நெருங்கும்போது பின்னாலிருந்து காற்று விசிறி அடித்தது, போகும்போது இருந்த அலையைவிட இரண்டு மடங்கு. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு படகில் இருந்தவர்கள் முழுக்க நனைந்துதான் இறங்கினார்கள். நாங்கள் கேட்காமலே 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வாங்க மாட்டோம் என்றதற்கு, பேசின நேரத்துக்குத்தான் பணம் என்றார். பாதியில் திரும்புவோம் என்று சொல்லும் தைரியம் உள்ள ஆளா என்பதை ஏறுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "எத்தனை தடவை பாதியில் திரும்பியிருக்கீங்க" என்று கேட்டாலே போதும், பெருமையாகச் சொல்பவரோடு போகலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படகில் கழிப்பறை கிடையாது, பெண்களுக்கு இது பெரிய சிரமம், நானும் நாத்தனாரும் விடியற்காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துத்தான் சமாளித்தோம், வெயிலில் அது நல்லதில்லை. ஒரு தடுப்புத் துணியும் வாளியுமாவது வைக்கச் சொல்லி அண்ணனிடம் நேராகவே சொன்னேன், செய்கிறேன் என்றார். நிழலும் கிடையாது, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். நின்று ஆடும் படகில் பெட்ரோல் வாடையும் இரை வாடையும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டும், கணவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். நான் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாந்தி வராமலிருக்க அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஐஸ் பெட்டியும் நாமே கொண்டுபோனால் நல்லது, அவரிடம் இருந்தது சின்னது.

மீன் முழுவதும் நமக்குத்தான், அவர் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களாக இரண்டு பாறையையும் படகில் வந்த தம்பியிடம் கொடுத்தோம். மிச்சத்தை அத்தை மண்சட்டியில் குழம்பு வைத்தார், மாங்காய் போட்டு, மறுநாள் காலை இட்லிக்கும் அதுதான். களவாவைத் தனியாக வறுத்து மாமா தட்டில் மட்டும் வைத்தார்.

அன்றைக்கு வீடு திரும்பும் முன் வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் இடத்துக்கும் போனோம், கோவளத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். வேட்டையில் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் போங்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், அந்த வியாபாரம் தடையானதும் வாழ வழியில்லாமல் நின்றபோது 1978-இல் இந்தச் சங்கம் வந்தது. பாம்பை உயிரோடு பிடித்துப் பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கே போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள், முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கணவர் சங்கத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் தடம் பார்ப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வளையின் வாய் வழவழப்பாக இருக்கிறதா, எச்சம் இருக்கிறதா, சட்டை உரித்திருக்கிறதா என்று அவர் சொல்லச் சொல்ல, மான் தடம் பார்க்கத் தான் கற்றதெல்லாம் இதற்கு முன்னால் அரிச்சுவடி என்றார். சித்தப்பா மகனை அடுத்த முறை இங்கேதான் கூட்டிவரப் போகிறோம்.

எப்போது போகலாம் என்றால், ஜனவரி பாதிக்கு மேல் மார்ச் வரை நல்லது என்றார் அண்ணன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது சின்னப் படகுக்காரர்கள் பிடிக்கும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அதனால் அந்த நாட்களில் அவர் ஆட்களை ஏற்றுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம்.

வரும்போது அண்ணன் மாமாவுக்கு ஒரு பாட்டில் நரம்பைக் கொடுத்தனுப்பினார், காசு வாங்கவில்லை. இப்போது அது பெருங்குடி வீட்டுப் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் தொங்குகிறது. நாங்கள் அமெரிக்கா திரும்பி மூன்று வாரம் ஆகிறது, நேற்று மாமா போன் செய்து, எங்கள் உதவி இல்லாமல் தானே அண்ணனிடம் பேசி, பக்கத்து வீட்டு நண்பரோடு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். தடுப்புத் துணி கட்டிவிட்டாராம், மருமகளிடம் சொல்லச் சொன்னாராம்.